சுவிசேஷம் சொல்றது பத்தி எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்: பக்கத்து வீட்டுல இருந்து மஸ்கட் வரைக்கும்

நான் ஒரு நர்ஸ், ஊரு தூத்துக்குடி பக்கம். கல்யாணம் ஆன புதுசுல நானும் வீட்டுக்காரரும் குஜராத் டாங்ஸ் மாவட்டத்துல ஒரு மலைக்கிராமத்துல 9 வருஷம் இருந்தோம், அப்புறம் பிள்ளைங்க படிப்புக்காக ஓமான் நாட்டு மஸ்கட்ல ஒரு ஆஸ்பத்திரில 7 வருஷம் வேலை, இப்ப ஊருக்கே வந்தாச்சு. பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம்னு எங்க போய் சாட்சி சொன்னாலும் முடிஞ்சதும் டீ குடிக்கிற நேரத்துல ரெண்டு பேராவது ஓரமா வந்து "அக்கா ஒன்னு கேக்கணும்"னு நிப்பாங்க. கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி தான் இருக்கும், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு. நான் வேதாகமக் கல்லூரில படிச்சவ இல்ல, பார்த்தது பட்டது தான் எழுதுறேன்.

எல்லாரும் மிஷனெரியா போகணுமா? எனக்கு அழைப்பு இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

எல்லாரும் போக வேண்டாம். மாற்கு 5ல பிசாசு பிடிச்சிருந்த அந்த மனுஷன் சுகமானதும் இயேசு ஏறுற படகுலயே தானும் வரேன்னு கெஞ்சுறான், ஆனா அவர் நீ உன் வீட்டுக்கு போ, உன் ஜனங்ககிட்ட போய் சொல்லுன்னு திருப்பி அனுப்பிடுறார். அதே நேரத்துல அப்போஸ்தலர் 13ல அந்தியோகியா சபை தங்ககிட்ட இருந்ததுலயே நல்ல ரெண்டு பேரை, பர்னபாவையும் பவுலையும், கை வச்சு ஜெபம் பண்ணி வெளிய அனுப்பி வைக்குது. ரெண்டுமே வேதத்துல இருக்கு.

எனக்கு சொப்பனமோ தரிசனமோ ஒன்னும் வரல. கன்வென்ஷன்ல ஒரு அண்ணாச்சி வந்து மலைக்கிராமத்துல பிரசவம் பார்க்க ஆள் இல்லாம தாய்மார் சாகுறாங்க ஒரு நர்ஸ் வேணும்னு சொன்னார், அவ்ளோதான், அன்னிக்கு ராத்திரி நானும் தூங்கல வீட்டுக்காரரும் தூங்கல, ரெண்டு பேரும் தூங்குற மாதிரியே படுத்துக் கிடந்தோம். காலைல எங்க சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட, போய் சொன்னா அவர் உடனே ஜெபம் பண்ணி அனுப்பிடல, ஒரு மாசம் போய் இருந்து பார்த்துட்டு வாங்கன்னு சொன்னார். இத நான் எல்லாருக்கும் சொல்றேன், ஒரு மாசம் போய் இருங்க, அங்க தண்ணி தூக்குங்க, அந்த சாப்பாட்ட சாப்பிடுங்க, அதுக்கப்புறமும் மனசு அங்கயே நின்னா பேசலாம். அழைப்பு இருக்குன்னு சொல்ற தம்பி தங்கச்சிங்ககிட்ட நான் கேக்குற முதல் கேள்வி, உங்க தெருவுல கிறிஸ்தவங்க இல்லாத வீட்டுல எத்தன பேரோட பேரு உங்களுக்கு தெரியும்னு தான். நிறைய பேர் முழிக்கிறாங்க. அது கோபத்துல கேக்குறது இல்ல, இங்க பழக்கம் இல்லாதது ரயில் ஏறினதும் வந்துடாது, அதுக்காக கேக்குறேன்.

வெளிய போய் சொல்றது வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சது தானே, நம்ம ஆளுங்களுக்கு அதுல என்ன பங்கு?

இந்த கேள்வி வந்தா எனக்கு சந்தோஷம், ஏன்னா நம்ம பக்கத்து கதை இது. திருச்செந்தூர் தேரிக்காட்டுப் பக்கம் வெள்ளாளன்விளைன்னு ஒரு ஊரு, அங்க 1874ல பொறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் 1902ல யாழ்ப்பாணம் போறார், போன இடத்துல பார்த்தா அங்க உள்ள தமிழ் கிறிஸ்தவங்க தங்க கைக்காச போட்டு கடல் தாண்டி நம்ம தொண்டி பக்கத்துக்கு மிஷனெரி அனுப்பி வச்சிருக்காங்க. நம்ம திருநெல்வேலி சபை நூறு வருஷத்துக்கு மேல சுவிசேஷம் கேட்ட சபை, நாம யாரையும் அனுப்பலையேன்னு அவருக்கு உறுத்துது. ஊருக்கு வந்து பேசி, 1903 பிப்ரவரி 12ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கத்த ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்ம ஆளு நம்ம காசு நம்ம நிர்வாகம்னு முடிவு. அப்புறம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துல தோர்ணக்கல்ங்கிற இடத்துக்கு ஆள் போனாங்க, 1909ல அவரும் குடும்பத்தோட அங்கயே போனார், தெலுங்கு படிச்சார், 1912ல அங்கயே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பேராயர் அவர் தான்.

1910ல ஸ்காட்லாந்துல நடந்த எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டுல அவர் பேசினது இன்னிக்கும் நமக்கு வேணும். உலகத்துல உள்ள பெரிய மிஷனெரி சங்கங்க எல்லாம் உக்காந்திருக்கிற சபைல, நீங்க ஏழைகளுக்கு பொருள் குடுத்தீங்க, சரீரத்தையே குடுத்தீங்க, எங்களுக்கு அன்பும் வேணும், நண்பர்களைத் தாங்கன்னு கேட்டார். இப்ப நம்ம வடக்க போறோம், நம்மகிட்ட அந்த ஜனங்க அதையே கேட்டா நம்ம முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொன்னு, பிடி அரிசி. எங்க பாட்டி உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய எடுத்து அடுப்படி மூலைல இருக்கிற சின்னப் பானைல போடுவாங்க, பஞ்சத்துலயும் போட்டாங்களாம், ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்குப் போய் ஏலத்துல வித்து காசாகும். அப்படி சேர்ந்த காசுல தான் நம்ம ஆட்கள் வெளிய போனாங்க. டாங்ஸ்ல இருக்கும்போது மாச சம்பளக் கவர் வந்தா எனக்கு அந்தப் பானை தான் ஞாபகம் வரும்.

போற இடத்து பாஷைய கட்டாயம் படிக்கணுமா, ஹிந்தி இங்கிலீஷ் வச்சு சமாளிச்சுக்கலாமே?

சமாளிக்கலாம், கடைல உப்பு வாங்கலாம். ஆனா ஒருத்தர் துக்கத்துல பேசுற பாஷை நமக்கு தெரியலன்னா நாம அவங்களுக்கு விருந்தாளி கூட இல்ல, வழிப்போக்கர்.

ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலை 9ல தரங்கம்பாடில வந்து இறங்கும்போது அவருக்கு 23 வயசு தான். வந்ததும் ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார வரச்சொல்லி, அந்த சின்னப் பிள்ளைங்களோடயே உக்காந்து மண்ணுல விரலால அ ஆ எழுதிப் படிச்சார். 1708லயே நம்ம தமிழ் ஓலைச்சுவடிகள சேர்த்து ஒன்னொன்னுல என்ன இருக்குன்னு பட்டியல் போட்டு வச்சுட்டார். 1715ல தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துச்சு. ஆனா எனக்கு இதுல பெருசா தெரியுறது வேற, அவர் இந்து பெரியவங்களுக்கு கேள்வி எழுதி அனுப்பி அவங்க சொன்ன பதில அப்படியே ஜெர்மன்ல மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். இவங்க என்ன நம்புறாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டுக்கணும்னு நினைச்சார். தென்னிந்திய தெய்வங்கள பத்தி 1713ல ஒரு பெரிய புஸ்தகமே எழுதி அனுப்பினா, ஜெர்மனில ஹாலேங்கிற ஊர்ல இருந்த அவரோட மிஷன் பெரியவங்க உன்ன அனுப்பினது அஞ்ஞானத்த ஒழிக்கத்தான், அத ஐரோப்பாவுல பரப்ப இல்லன்னு சொல்லி தூக்கி வச்சுட்டாங்க, அது அச்சாக 1867 ஆச்சு. 36 வயசுல அவர் இறந்துட்டார். நம்ம ஜனங்க சொன்னத காது குடுத்து கேட்ட ஒரு ஆளுகிட்ட இருந்து தான் நம்ம சபை ஆரம்பிச்சுதுங்கிறத நினைச்சா எனக்கு மனசு நெறையும்.

என் கதைய சொல்றேன். டாங்ஸ்ல போன முதல் 6 மாசம் எனக்கு எங்க வலிக்குதுன்னு கேக்கக் கூட சரியா வராது. பக்கத்து வீட்டுப் பாட்டி என்னப் பார்த்து பரிதாபப்பட்டு ரொட்லா, அவங்க ஊரு ரொட்டி, தட்ட கூப்பிட்டாங்க. நாக்லின்னு சொல்வாங்க, நம்ம கேழ்வரகு தான், அந்த மாவ வெந்நீர்ல பிசைஞ்சு ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு சுத்தி சுத்தி தட்டி மண் ஓட்டுல போடணும். என் கைல அது ஓரமெல்லாம் வெடிச்சு ரெண்டா உடைஞ்சு விழும், பாட்டி விழுந்து விழுந்து சிரிப்பாங்க, தெருவுல போற பொம்பளைங்கள எல்லாம் கூப்பிட்டு காட்டுவாங்க. கொஞ்சம் தட்ட வந்ததுக்கப்புறம் ஒரு நாள் அடுப்புப் பக்கத்துல வச்சு கேட்டாங்க, உங்க அம்மா உயிரோட இருக்காங்களா, இருக்காங்கன்னா அவங்கள விட்டுட்டு இங்க ஏன் வந்தன்னு. நான் அழுதுட்டேன். அழுதுகிட்டே எனக்கு தெரிஞ்ச நாலு வார்த்தைல இயேசு பத்தி சொன்னேன், இலக்கணம் எல்லாம் தப்பு தப்பா. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்த பிரசங்கம் ஒன்னும் அன்னிக்கு வரல.

குறைஞ்சது ஒரு வருஷம் பாஷைக்குன்னே ஒதுக்குங்க. அனுப்புற சபைக்கும் சொல்றேன், அந்த ஒரு வருஷம் ரிப்போர்ட் கேட்டு நச்சரிக்காதீங்க.

ஆபீஸ்ல எப்படி பேச ஆரம்பிக்கிறது? பயமா இருக்கு.

1 பேதுரு 3:15 எடுத்துப் படிங்க, உங்ககிட்ட விசாரிச்சுக் கேக்குறவங்களுக்கு சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ரெடியா இருங்கன்னு இருக்கு. கேக்குற மாதிரி நம்ம வாழ்க்கை இருக்கணும், கேட்டா சொல்ல ரெடியாவும் இருக்கணும். நாம பெரும்பாலும் கேக்காதவங்களுக்கு சொல்றோம், கேக்கும்போது வெக்கப்பட்டு பேச்ச மாத்திடுறோம்.

மஸ்கட்ல என்கூட நைட் டியூட்டி பார்த்த ஒரு பொண்ணு, ஆந்திராக்காரி, ரெண்டு வருஷம் ஒன்னா வேலை பார்த்தோம் ஒரு வார்த்தை மதம் பத்தி பேசினது இல்ல. நான் செஞ்சது ஒன்னே ஒன்னு, ஒரு தடவ மருந்து சார்ட்ல நான் தப்பா எழுதிட்டேன், யாருக்கும் தெரியாது, பேஷண்டுக்கும் ஒன்னும் ஆகல, ஆனா நானே போய் இன்சார்ஜ்கிட்ட சொல்லி மெமோ வாங்கிட்டு வந்தேன். அவ அத பார்த்துகிட்டே இருந்துருக்கா. பல மாசம் கழிச்சு அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு போன் வந்தப்ப என்ன தேடி வந்து நீ அன்னிக்கு ஏன் போய் சொன்னன்னு கேட்டா, அப்புறம் என் அம்மாவுக்கு ஜெபம் பண்ணுவியான்னு கேட்டா. ஸ்டோர் ரூம்ல நின்னு ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணோம்.

சில விஷயத்துல நான் ரொம்ப கறார். வேலை நேரத்த திருடி சாட்சி சொல்லாதீங்க. உங்களுக்கு கீழ வேலை பார்க்குறவங்ககிட்ட நீங்களா ஆரம்பிக்காதீங்க, அவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது. படுக்கைல கிடக்கிற நோயாளிகிட்ட அதவிட ஜாக்கிரதை, அவங்க கேட்டா மட்டும் தான், அதுவும் அந்த ஆஸ்பத்திரி ரூல் என்னவோ அதுக்குள்ள.

பக்கத்து வீட்டுல தீபாவளி பலகாரம் குடுத்தா வாங்கலாமா?

வாங்கலாம், வாங்கி சாப்பிடுங்க, கிண்ணத்த வெறும் கிண்ணமா திருப்பிக் குடுக்காதீங்க. கிறிஸ்துமஸுக்கு நம்ம முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தூக்கிட்டுப் போய் நாலு வீட்டுக்கு குடுத்துட்டு அவங்க அதிரசத்த வேண்டாம்னு சொன்னா அது என்ன உறவு. சாமிக்கு படைச்சதுன்னு அவங்களே சொல்லி குடுத்தா 1 கொரிந்தியர் 10ல பவுல் சொல்ற மாதிரி நான் சாப்பிடுறது இல்ல, "தப்பா நினைக்காதீங்க மதினி, படைச்சது மட்டும் நாங்க சாப்பிட மாட்டோம், மத்தத தாங்க"ன்னு முகத்தப் பார்த்து சொல்லிடுவேன். இத்தன வருஷத்துல ஒருத்தரும் கோச்சுக்கல. வாங்கிட்டு வந்து பின்னாடி குப்பைல போடுற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, அத அவங்க பிள்ளைங்க பார்க்குது, அதவிட மோசமான சாட்சி கிடையாது.

அவங்க சாமிய தப்புன்னு சொல்லாம எப்படி சுவிசேஷம் சொல்றது?

எபேசுல கலவரம் ஆகும்போது அந்த ஊரு அதிகாரி, கிறிஸ்தவன் கூட இல்ல, கூட்டத்தப் பார்த்து இந்த ஆளுங்க கோயில கொள்ளையடிச்சவங்களும் இல்ல உங்க தேவிய தூஷிச்சவங்களும் இல்லன்னு சொல்றார், அப்போஸ்தலர் 19:37. பவுல் அந்த ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல பிரசங்கம் பண்ணியிருக்கார், அத்தனைக்கு அப்புறமும் வெளியாள் குடுக்குற சர்டிபிகேட் அது. நம்ம ஊர்ல மைக் கட்டி பேசுற சில பேரப் பத்தி அப்படி யாராவது சொல்லுவாங்களான்னு நினைச்சா எனக்கு வேதனையா இருக்கு. இயேசு எனக்கு என்ன செஞ்சார்னு சொல்றதுக்கு இன்னொருத்தர் அம்மா அப்பா கும்பிட்டத கேவலப்படுத்த வேண்டிய அவசியமே இல்ல.

வளைகுடா நாட்டுக்கு வேலைக்கு போறேன், அங்க சாட்சி சொல்லலாமா?

முதல்ல அந்த நாட்டு சட்டம் என்னன்னு தெரிஞ்சுகிட்டு போங்க. சவூதில சர்ச்சே கிடையாது. ஓமான், எமிரேட்ஸ், குவைத் மாதிரி இடங்கள்ல சர்ச் இருக்கு, மஸ்கட்ல ரூவி, காலா ரெண்டு இடத்துலயும் சுல்தான் குடுத்த நிலத்துல காம்பவுண்டுக்குள்ள ஆராதனை நடக்கும், தமிழ் ஆராதனையும் உண்டு, வெள்ளிக்கிழமை போனா ஏதோ நம்ம சபை விருந்து, அசன பண்டிகை மாதிரி கூட்டமா இருக்கும். ஆனா வெளிய போய் அந்த நாட்டு ஜனங்களுக்கு கைப்பிரதி குடுக்கிறது, மதம் மாற சொல்றது குத்தம். மலேசியாவுல முஸ்லிம்கள் மத்தில பிரசங்கம் பண்றதுக்கு மாநில சட்டங்கள்ல தடை இருக்கு. நேபாளத்துல 2018ல அமலுக்கு வந்த சட்டப்படி மதம் மாத்தினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில். நீங்க மாட்டினா நீங்க மட்டும் மாட்ட மாட்டீங்க, உங்ககூட ரூம்ல இருக்கிற நாலு பேரு, அந்த சபை, எல்லாரும் மாட்டுவாங்க.

அப்ப என்ன செய்றதுன்னா, மஸ்கட் பக்கத்துல இருக்கிற மத்ராவுக்கு போனீங்கன்னா கேட்டுப் பாருங்க. அமெரிக்க மிஷன் டாக்டர் ஷாரன் தாம்ஸ் 1909ல அங்க வந்து வைத்தியம் பார்த்தார், 1913ல டெலிபோன் கம்பி கட்டும்போது கம்பத்துல இருந்து விழுந்து அங்கயே இறந்தார். அவர் மகன் வெல்ஸ் தாம்ஸ் டாக்டருக்குப் படிச்சுட்டு அப்பா செத்த அதே ஊருக்கு 1939ல திரும்பி வந்து 1970 வரைக்கும் ஆஸ்பத்திரி நடத்தினார். இரக்கம்னு அர்த்தம் வர்ற ரஹ்மா தான் அந்த ஆஸ்பத்திரி பேரு. அந்த நாட்டுக்கு பெரும்பாலும் அது தான் ஆஸ்பத்திரியா இருந்த காலம் உண்டு. என் வார்டுல ஒரு வயசான ஓமானி அம்மா, நான் கிறிஸ்தவள்னு தெரிஞ்சதும் என் கைய பிடிச்சுகிட்டு, என்ன சின்ன வயசுல காப்பாத்தினது தாம்ஸ் டாக்டர்னு கண்ணு கலங்கி சொன்னாங்க. நான் ஒன்னும் சொல்லல, அந்த அம்மாவுக்கு தலைமுடிய பின்னி விட்டேன்.

மஸ்கட்ல கடலோரமா ஒரு சின்ன கல்லறைத் தோட்டத்துல தாமஸ் வால்பி பிரெஞ்ச்னு ஒருத்தர் இருக்கார். லாகூருக்கு பேராயரா இருந்தவர், பதவிய விட்டுட்டு 66 வயசுல தனியா மஸ்கட் வந்து சில மாசத்துலயே 1891 மே மாசம் வெயில் தாங்காம இறந்துட்டார். மனுஷ கணக்குக்கு பலன்னு ஒன்னும் இல்ல. ஆனா அவர் செத்த செய்தி கேட்டு தான் அடுத்தவங்க மஸ்கட்டப் பத்தி யோசிச்சாங்கன்னு அங்க சபைல பெரியவங்க சொல்வாங்க.

இந்தியாவுல சட்டம் என்ன சொல்லுது?

அரசியல் சட்டம் 25வது பிரிவு மதத்த பின்பற்றவும் பரப்பவும் உரிமை குடுக்குது. ஆனா 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட், பரப்புறதுன்னா உன் நம்பிக்கைய எடுத்து சொல்றது, இன்னொருத்தர மதம் மாத்துற உரிமை அதுல இல்லன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஒடிசாவுல 1967ல இருந்தே தனிச்சட்டம் இருக்கு, குஜராத்ல 2003 சட்டப்படி ஒருத்தர மதம் மாத்துற சடங்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். தமிழ்நாட்டுல 2002ல ஒரு சட்டம் வந்து அப்புறம் வாபஸ் ஆச்சு. போற மாநிலத்து சட்டத்த ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து கேட்டுட்டு போங்க. டூரிஸ்ட் விசால வர்ற வெளிநாட்டு சொந்தக்காரங்கள மேடை ஏத்தி பிரசங்கம் பண்ண சொல்லாதீங்க, அதுக்கு மிஷனெரி விசான்னு தனியா இருக்கு.

அரிசியும் பணமும் குடுத்து மதம் மாத்துறீங்கன்னு சொல்றாங்களே?

எங்கயுமே நடக்கலன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, எண்ணிக்கை காட்டணும்னு சில பேர் செஞ்ச வேலையால எல்லாருக்கும் கெட்ட பேரு. நாங்க கிளினிக்ல ஒரு பழக்கம் வச்சிருந்தோம், மருந்து குடுக்குற இடத்துல பைபிளும் இல்ல படமும் இல்ல, ஜெபக் கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு தனி சலுகையும் இல்ல. ஒரு தடவ ஒருத்தர் நான் ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன் என் மகனுக்கு ஹாஸ்டல்ல இடம் குடுங்கன்னு வந்தார். வீட்டுக்காரர் அன்னிக்கே பையன ஹாஸ்டல்ல சேர்த்துட்டு, ஞானஸ்நானத்த பத்தி அப்புறம் பேசிக்கலாம் அண்ணேன்னு அனுப்பிட்டார். அந்த மனுஷன் அதுக்கப்புறம் ஞானஸ்நானம் எடுக்கவே இல்ல. பையன் நல்லா படிச்சான், அது போதும்.

"உங்க சபைலயே ஜாதி இருக்கே, அப்புறம் எங்களுக்கு என்ன சொல்ல வந்துட்டீங்க"ன்னு கேட்டா?

உண்மைன்னு ஒத்துக்கோங்க. சமாளிக்காதீங்க.

இது புதுசு இல்ல. 1833ல கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி இருக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சுற்றறிக்கை அனுப்பினப்ப, தஞ்சாவூர்லயும் சென்னைலயும் நிறைய பேர் நற்கருணைல ஒரே பாத்திரத்துல குடிக்க மாட்டோம்னு சபைய விட்டே வெளிய போனாங்க. இயேசுவ ஏத்துக்கிட்டவங்க, கீர்த்தனை பாடினவங்க, ஜெபம் பண்ணவங்க. இன்னிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சுவர் இருக்கிற ஊரு இருக்கு, கல்யாணப் பேச்சு வந்தா முதல் கேள்வி என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், டயோசிஸ் (திருமண்டலம்) எலெக்ஷன் வந்தா சொல்லவே வேண்டாம். டாங்ஸ்ல ஒரு படிச்ச பையன் எங்கிட்ட கேட்டான், தீதி, எங்க அக்காவ உங்க தம்பிக்கு கட்டி வைப்பீங்களான்னு. அவன் கிண்டலுக்கு கேக்கல. நான் அன்னிக்கு பதில் சொல்லல, ஏன்னா எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு எனக்கு தெரியும். அந்த ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன், மறுநாள் அவன்கிட்ட போய் நீ கேட்டது சரி, எங்க வீட்டுல இன்னும் அது மாறல, அது பாவம்னு சொன்னேன். அவன் அதுக்கப்புறம் தான் எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சான்.

வெளிய மிஷனெரி அனுப்புறதுக்கு காணிக்கை போடுற சபைங்க தங்க கல்லறைச் சுவர இடிக்கணும். அதையும் மிஷனெரி ஊழியம்னு தான் நான் சொல்லுவேன்.

10 நாள் மிஷன் ட்ரிப் போறது பிரயோஜனமா?

உங்களுக்கு பிரயோஜனம். அந்த ஊருக்கு பிரயோஜனமா இருக்கணும்னா அங்க இருக்கிறவங்க கேட்ட வேலைய செய்ங்க, கிணறு தூர் வாருங்க, போட்டோ எடுக்காதீங்க. முக்கியமா ஏழைப் பிள்ளைங்கள மடில வச்சு எடுத்த படத்த ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அந்த அம்மா அப்பாகிட்ட நீங்க கேட்டீங்களா.

வருஷக்கணக்கா ஒருத்தர் கூட ஏத்துக்கலைன்னா ஊழியம் தோல்வியா?

இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793ல வங்காளத்துக்கு வந்தார், முதல் ஆளு கிருஷ்ண பால்ங்கிற தச்சர் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பர் 28. நடுவுல கேரியோட மகன் செத்தான், மனைவிக்கு மனநிலை பாதிச்சுது, அந்த அம்மாவோட கஷ்டத்த நாம பிரசங்கத்துல வேகமா தாண்டிப் போயிடுறோம், அது எனக்கு ரொம்ப வருத்தம். அமெரிக்க மிஷனெரி ஜட்சன் 1813ல பர்மா போய் 1819ல தான் முதல் ஆள பார்த்தார்.

எங்க கிராமத்துல 9 வருஷத்துல ஞானஸ்நானம் எடுத்தது 4 பேர். அந்த ரொட்லா பாட்டி எடுக்கல. கடைசி வரைக்கும் என் வீட்டுக்கு வந்து ஜெபத்துல உக்காருவாங்க, போகும்போது அவங்க குலதெய்வத்துக்கும் விளக்கு வைப்பாங்க. நாங்க கிளம்பும்போது வழிச்சாப்பாட்டுக்கு ரொட்லா கட்டிக் குடுத்தாங்க. அவங்கள தோல்வின்னு ரிப்போர்ட்ல எழுத என்னால முடியாது.

ஆபத்து வந்தா?

ஆபத்த தேடிப் போகாதீங்க. 2018ல ஒரு அமெரிக்க இளைஞர் ஜான் சாவ், அந்தமான்ல வடக்கு சென்டினல் தீவுக்கு சட்டத்த மீறிப் போய் அம்பு பட்டு இறந்தார். அவரோட அன்ப நான் சந்தேகப்படல, ஆனா வெளியாளோட சாதாரண சளிக்காய்ச்சலே அந்த ஜனங்கள மொத்தமா அழிச்சிடலாம், ஒரு நர்ஸா அத என்னால சரின்னு சொல்ல முடியாது.

கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் கதை வேற. 1965ல இருந்து ஒடிசா பாரிபதால தொழுநோயாளிகளுக்கு வேலை செஞ்சவர், 1999 ஜனவரி மாசம் மனோகர்பூர்ல ஜீப்ல தூங்கும்போது 10 வயசு பிலிப், 6 வயசு தீமோத்தேயு ரெண்டு பையன்களோட எரிச்சுக் கொன்னாங்க. மனைவி கிளாடிஸ் மன்னிச்சேன்னு சொல்லிட்டு ஊருக்கு ஓடல, இன்னும் 5 வருஷம் அதே நோயாளிகளோட இருந்தாங்க. அந்தக் கொலைக்கு ஒரு மாசம் முன்னாடி தான், 1998 கிறிஸ்துமஸ் சமயம், டாங்ஸ்லயும் சர்ச்சுகள எரிச்சிருந்தாங்க. நாங்க அங்க போனது அதுக்கு சில வருஷம் கழிச்சு, எங்க அம்மா எதுக்கு பயந்தாங்கன்னு இப்ப ஒரு தாயா எனக்கு நல்லா புரியுது.

பிள்ளைங்க படிப்பு, பணம் எல்லாம்?

கஷ்டம் தான், பூசி மெழுக மாட்டேன். என் மூத்தவன 6 வயசுல தமிழ்நாட்டுல ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோம், ரயில் கிளம்பும்போது அவன் அழல, அது தான் எனக்கு இன்னும் வலிக்குது. இப்ப இருந்தா அப்படி விட மாட்டேன். சபைங்க மிஷனெரிக்கு சம்பளம் அனுப்புறதோட நிக்காம அவங்க பிள்ளைங்கள லீவுக்கு வீட்டுக்கு கூப்பிடுங்க, பிறந்தநாள் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

கேக்குற கேள்விக்கு பதில் தெரியலைன்னா?

தெரியலன்னு சொல்லுங்க. நல்லவங்களுக்கு ஏன் இப்படி நடக்குதுன்னு பிள்ளைய பறிகொடுத்தவங்க கேட்டா அன்னிக்கு பதிலே சொல்லாதீங்க, கூட உக்காருங்க. யோபுவோட சிநேகிதங்க முதல் 7 நாள் வாய தொறக்காம உக்காந்திருந்தாங்க பாருங்க, அதுவரைக்கும் சரியா தான் செஞ்சாங்க.

என் வீட்டுக்காரர் விசுவாசி இல்ல, அவர்கிட்ட எப்படி சொல்றது?

தினமும் சொல்லாதீங்கம்மா. பேதுரு, மனைவியோட நடக்கையால போதனையில்லாமலே ஆதாயப்படுத்திக்கலாம்னு எழுதியிருக்கார். சபை மூணு மணிக்கு முடிஞ்சா மூணேகாலுக்கு வீட்டுல இருங்க, அவரு சாப்பாட்ட விட்டுட்டு உபவாசக் கூட்டத்துக்கு ஓடாதீங்க. அதே சமயம் அவர் அடிக்கிறவரா இருந்தா பொறுத்துக்கோ அதுவும் சாட்சின்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பெரியவங்ககிட்ட சொல்லுங்க, 181க்கு போன் பண்ணுங்க.

இப்ப ஊருக்கு வந்துட்டீங்களே அக்கா, ஊழியம் முடிஞ்சுதா?

எங்க தெரு முனைல ஒரு பெரிய கட்டடம் எழும்புது, அதுல வேலை பார்க்குற பசங்க முக்கால்வாசி ஒடிசா, ஜார்கண்ட். தகரக் கொட்டகைல இருக்காங்க. நம்ம அந்தக் காலத்துல காடு மலை தாண்டி தேடிப் போன ஜனங்களோட பிள்ளைங்க இப்ப நம்ம தெருவுல செங்கல் தூக்குறாங்க, நம்ம சபைல யாரும் அவங்க பேர கேக்கல. ஒருத்தனுக்கு காய்ச்சல்னு கூப்பிட்டு விட்டாங்க, போய் பார்த்தா டெங்கு, பெரிய ஆஸ்பத்திரில சேர்த்து கூட இருந்தோம். அதுல இருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 7, 8 பேர் போன் சார்ஜ் போட எங்க வீட்டு திண்ணைக்கு வர்றாங்க, டீ போட்டுக் குடுப்பேன், வீட்டுக்காரர் வங்கில கணக்கு தொறக்க பாரம் எழுதிக் குடுப்பார். எதுக்கு இதெல்லாம் செய்றீங்கன்னு ஒருத்தன் போன வாரம் தான் கேட்டான், சொன்னேன், கேட்டுகிட்டான்.

என் ஹிந்தி குஜராத்தி வாடைல இருக்குன்னு சிரிக்கிறாங்க, ஒடியா எனக்கு தெரியாது, அதனால அவனுங்ககிட்டயே படிச்சுட்டு இருக்கேன், வாரத்துக்கு 5 வார்த்தை. இந்த வாரம் படிச்சதுல நாக்குல நின்னது லுணோ, உப்பு. யாருக்காவது ஒடியா தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை 5 மணிக்கு மேல வாங்க, டீ எக்ஸ்ட்ராவே போடுறேன்.